குழிக்குள்ளிருந்து ஒரு ‘ம்’

கே.ஜி.கண்டிகை தாண்டியதும் பிடித்த மழை, காஞ்சனா திருத்தணியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதும் விட்டபாடில்லை. மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போயிருந்தது. கோபுரம் தெரியவில்லை. மணிச்சத்தம் மட்டும் எங்கிருந்தோ இறங்கி வந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றைத் திட்டிக்கொண்டே பெரியம்மா வீடு இருக்கும் நெசவுத் தெருவுக்கு நடந்தாள்.

காஞ்சனா பி.ஏ. அவள் குடும்பத்தில் கையெழுத்துக்கு மேல் எழுதக் கற்றவளே அவள்தான். அந்தப் படிப்பால் அவளுக்குக் கிடைத்தவை, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் அட்டை ஒன்றும், சொந்தக்காரர் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் “நீ படிச்சவ, போய்ப் புத்தி சொல்லிட்டு வா” என்கிற உத்தரவும்தான். அவளுக்குப் புத்தி இருப்பதை மற்றவர் வீட்டுப் பிரச்சினைக்கு மட்டும் ஒத்துக்கொள்வார்கள். அவள் வீட்டில் அவள் வாயைத் திறந்தால், அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

இந்த முறை புத்தி தேவைப்பட்டது கோமளவல்லிக்கு. பெரியம்மா கௌரியம்மாளின் சின்ன மகள், பதினெட்டு வயது. சரியாகச் சாப்பிட்டு நாளாகிறதாம். விளக்கு வைக்கும் நேரத்தில் தறிக்குழி ஓரமாக உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிறாளாம். மூத்தவள் சந்திரா போன வருஷம் இதே ஐப்பசியில் புழக்கடைக் கிணற்றில் கிடந்தாள். தவறி விழுந்தாளா, தானே விழுந்தாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

வீடு நீளமாக, இருட்டாக, ஈர நூலும் புளித்த கஞ்சியும் சேர்ந்த வாடையோடு இருந்தது. உள்ளே இரண்டு குழித்தறிகள். மழைநாளில் நூல் நமத்துப்போகும், குழியில் ஊற்று ஏறும். அதனால் வேலை நின்றிருந்தது. எப்போதும் தடதடவென்று இருக்கும் அந்த வீடு வாயடைத்துக் கிடந்ததே ஒரு மாதிரி இருந்தது. சந்திரா உட்கார்ந்து நெய்த தறியில் பாவு நூலை அறுத்து எடுத்துவிட்டிருந்தார்கள். கால் தொங்கவிடும் குழி மட்டும் திறந்திருந்தது. அடியில் தண்ணீர் கறுப்பாக நின்றது.

“நனைஞ்சிகினே வந்தியா? தலைய தொவட்டு,” என்றாள் கௌரியம்மாள். துண்டைக் கொடுத்த கையோடு, குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் புக்குதான் காஞ்சனா. என் பெரியவள முழுங்கிச்சி. இப்ப இவளப் புடிச்சிகினு இருக்குது.”

“புக்கு யாரையும் முழுங்காது பெரிம்மா. பத்தாவதோட நிறுத்தி உள்ள உக்கார வெச்சீங்களே, அது முழுங்கும்.”

மூலையில் நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியப்பா கோதண்டபாணி தலையைத் தூக்கவில்லை.

அந்தப் புத்தகத்தைச் சந்திராதான் உண்டாக்கினாள். வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, தறி நூலால் தைத்து, பழைய முருகன் காலண்டரை அட்டையாக ஒட்டியிருந்தாள். ‘அந்திக்கு வருகிறவன்’ என்று கதைக்குப் பெயர். மத்தியான வேளையில் தெருப் பெண்கள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். அவர்கள் தார்க்குச்சியில் நூல் சுற்றச் சுற்ற, சந்திரா வாய்விட்டுப் படிப்பாள். கதை கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் அவள் நிறுத்திவிடுவாள்.

அன்று பிற்பகலே காஞ்சனா அதைப் படித்து முடித்தாள். ஹாஸ்டலில் இப்படிப்பட்ட கதை படிக்கிறவர்களைக் கேலி செய்தவள் அவள். கதாநாயகி மாலதி, மலை பங்களாவுக்குக் குடிவரும் கல்லூரிப் பெண். அந்திக்கு வருகிறவன் அங்கே எப்போதோ இறந்துபோன வாலிபன். தினமும் அந்தியில் மகிழம்பூ வாசனையோடு, ஈரத் தலையோடு வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பான். தொடமாட்டான். பேசமாட்டான். யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் மாலதி சொல்லச் சொல்ல, ‘ம்’ என்று மட்டும் சொல்வான்.

அவ்வளவுதான் கதை. அதற்குத்தான் தெருவே மயங்கிக் கிடந்திருக்கிறது.

காஞ்சனாவுக்கு எரிச்சல் வந்தது. கதை மேல் அல்ல. ஒரு பெண் பேசி முடிக்கும்வரை எழுந்து போகாமல் கேட்கிற ஆம்பிளை வேண்டுமென்றால், அவன் செத்தவனாகத்தான் இருக்க வேண்டுமா? அதைவிட எரிச்சல், தானும் ஓரிடத்தில்கூட நிறுத்தாமல் படித்திருக்கிறோம் என்பது.

தைத்திருந்த கடைசிப் பக்கத்தில் அவன் முதல் தடவையாக வாய் திறக்கிறான். “வருகிறாயா?” என்கிறான். முடிவு அடுத்த வாரம் என்று போட்டிருந்தது. அந்த வாரத்தைக் காணோம். பத்திரிகை வந்த அன்றே பெரியப்பா அதைப் பிடுங்கிக் கஞ்சி காய்ச்சும் அடுப்பில் செருகிவிட்டாராம். மாலதி என்ன பதில் சொன்னாள் என்று சந்திராவுக்குத் தெரியாமலே போயிற்று. அன்று அந்தியில்தான் கிணற்றடியில் குடம் மட்டும் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரம். மழை ஓட்டின் மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. காஞ்சனா சமையலறையிலிருந்து திரும்பியபோது, கோமளவல்லி குழி ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது. பின்னால் நின்று காஞ்சனா காதுகொடுத்துக் கேட்டாள்.

ஒரு வாக்கியம் முடிந்தது. கோமளா நிறுத்தினாள்.

“ம்.”

அடுத்த வாக்கியம்.

“ம்.”

பெரியம்மா என்று நினைத்துக் காஞ்சனா திரும்பினாள். பெரியம்மா புழக்கடையில் இருந்தாள். பெரியப்பா கடைக்குப் போயிருந்தார். குழித் தண்ணீரில், யாரோ காலை எடுத்து மாற்றி வைத்ததுபோல ஒரு சின்ன வளையம் விரிந்து சுவரில் முட்டியது. ஈர நூல் வாடைக்குள்ளிருந்து மகிழம்பூ வாசனை வந்தது.

அந்தத் தெருவில் மகிழமரம் கிடையாது.

காஞ்சனா முட்டி போட்டு உட்கார்ந்து கோமளாவின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. “சந்திராவா?” என்று கேட்டாள்.

கோமளா இல்லையென்று தலையசைத்தாள். “சந்திராக்கா கிணத்தாண்டயே நின்னுகினு இருக்கா. உள்ள வரமாட்டா.” குழியைப் பார்த்தபடி, இன்னும் மெல்லச் சொன்னாள். “ம் கொட்டறது அவ இல்ல.”

பிறகு அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா செத்த பிறகு வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இவள் குழியிடம்தான் பேசினாள். அது கேட்டது. எதைச் சொன்னாலும் கேட்டது. இப்போது கடைசிப் பக்கம்வரை வந்தாகிவிட்டது. அவன் கேட்டாகிவிட்டது. மாலதி பதில் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவள் சொல்லாததால் படிக்கிறவள்தான் சொல்ல வேண்டும். அக்கா தன் பதிலைச் சொல்லிவிட்டாள். இனி இவள் முறை.

“என்ன சொல்லப்போற?”

கோமளா புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழவில்லை. அன்று இரவு காஞ்சனா தன் முந்தானையை அவள் தாவணியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் படுத்தாள்.

விடிந்ததும் கடைத்தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் ஷபியுல்லாவிடம் போனாள். பத்திரிகை அடுக்குகளைக் கலைத்துத் தேடினாள். அவர் பீடியை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அந்தக் கடைசி வாரம்தானே? உங்க தெருவுல கேக்காத பொண்ணு இல்லம்மா. ஒண்ணு எலி கடிச்சிருக்கும், இல்ல நனைஞ்சிருக்கும், இல்ல அந்த ஏடு மட்டும் இருக்காது. பேசாம நீங்களே ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. பி.ஏ.ன்னு சொன்னாங்களே.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். காஞ்சனா அதே பத்திரிகையின் வேறொரு பழைய இதழை எடுத்தாள். நடுவில் வடாம் போடும் பக்குவம் இரண்டு பக்கத்துக்கு வந்திருந்தது. கதைப்பக்கம் மாதிரியே தாளும் எழுத்தும். அதைக் கிழித்து நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தியில் எல்லோரையும் உட்கார வைத்தாள். பெரியம்மாவைக் கோமளாவுக்குப் பக்கத்தில் நெருக்கி உட்காரச் சொன்னாள். பெரியப்பா எழப் பார்த்தார்.

“உக்காருங்க பெரிப்பா. ஒரு தடவையாவது கடைசிவரைக்கும் கேளுங்க,” என்றாள்.

அவர் உட்கார்ந்தார். காஞ்சனா குழியைப் பார்க்க உட்கார்ந்து, தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பொரித்த வடாமின் படம் கண்ணெதிரே ஆடியது. வாயில் வந்ததைக் கதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

“மாலதி நிமிர்ந்து நின்றாள். பின்னால் ஈரத் தலையிலிருந்து நீர் சொட்டும் ஓசை கேட்டது.”

“ம்.”

கௌரியம்மாள் மகளின் தோளை இறுகப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டுவிட்டது.

“வருகிறாயா என்று அவன் மறுபடியும் கேட்டான்.”

“ம்.”

குழித் தண்ணீர் மேலேறியிருந்தது. விளிம்புக்கு ஒரு சாண் கீழே கறுப்பாகத் தளும்பியது. தண்ணீருக்கடியில் மிதிகட்டை ஒன்று, அழுத்த ஆளில்லாமல், தாழ்ந்து எழுந்தது.

நிறுத்தக் கூடாது என்று காஞ்சனாவுக்குத் தெரிந்தது. பயம் எந்த இடத்தில் கோபமாக மாறியது என்று தெரியவில்லை. அவள் குரல் உயர்ந்தது.

“மாலதி சொன்னாள்: நீ கேட்டாய். என் பேச்சை நீ ஒருவன்தான் கேட்டாய். ஆனால் கேட்டதற்குக் கூலியாக என் உயிரையல்லவா கேட்கிறாய்? என் வாயை அடைத்தவர்கள் கேட்பதும் அதைத்தான். அவர்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? நான் வரமாட்டேன்.”

சத்தமில்லை.

“நான் உன்னைக் கூப்பிடவில்லை. யாரோ ஒருத்தி எழுதினாள், நீ வந்தாய். போ. உன்னை எவள் எழுதினாளோ அவளிடமே போ. இப்படிச் சொல்லிவிட்டு மாலதி கதவைச் சாத்தினாள். கதை முடிந்தது.”

மழைச் சத்தம் மட்டும்.

தண்ணீர் மெல்ல, உறிஞ்சியதுபோல இறங்கியது. மகிழம்பூ வாசனை குழியை விட்டு எழுந்து, அவர்களைத் தாண்டி, வாசல் பக்கம் போனது. போகிறபோது காஞ்சனாவின் அருகில் மட்டும் ஒரு கணம் நின்றதுபோல இருந்தது.

கோமளா நீளமாக மூச்சு விட்டாள். “முடிஞ்சிட்ச்சா?” என்றாள். பிறகு, “அம்மா, பசிக்குது.”

கௌரியம்மாள் அழுதுகொண்டே சோறு போட்டாள். பெரியப்பா மண்வெட்டியை எடுத்து, கொட்டுகிற மழையில் புழக்கடை மண்ணை வெட்டி வந்து குழியில் போட ஆரம்பித்தார். கூடைக்குக் கூடை அவர் தோள் குலுங்கியது.

மறுநாள் காலையில் பஸ் ஏற்றிவிடக் கோமளாவே வந்தாள். இட்லி சாப்பிட்ட முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்புவதாக அவள் நைனா சொல்லியிருக்கிறாராம். காஞ்சனாவுக்கு, பி.ஏ. படித்தது முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு உதவியதுபோல இருந்தது. பஸ் கிளம்பும் நேரத்தில் கோமளா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“காஞ்சனாக்கா. அந்தத் தாள் வெளக்கு வெளிச்சத்துல பின்பக்கம் தெரிஞ்சிச்சி. வடாம் படம் இருந்திச்சி.”

காஞ்சனா சிரிக்கப் பார்த்தாள்.

“நீதான் சொன்னேன்னு எனக்குத் தெரியும். அதனால என்ன, நல்லாத்தான் முடிச்ச.” அவள் முகம் கொஞ்சம் மாறியது. “ஆனா, அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்ல?”

பஸ் நகர்ந்தது.

வண்டியில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து காஞ்சனா வெளியே பார்த்தாள். கே.ஜி.கண்டிகை வந்ததும், வண்டியில் இருந்த கொஞ்சம் பேரும் இறங்கிக்கொண்டார்கள். கண்டக்டர் டிரைவரோடு கதை பேச முன்னால் போய்விட்டார். மழை மறுபடி பிடித்தது. வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். என்ன ஆச்சு என்று அப்பா கேட்பார். அவள் சொல்ல ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார். நினைத்ததும் நெஞ்சு கொதித்தது. தனியாக இருக்கும்போது வாய்க்குள்ளேயே சண்டை போடுவது அவள் வழக்கம்.

“ஒரு உயிரைக் காப்பாத்திட்டு வந்திருக்கேன். அதைச் சொல்லக்கூட அந்த வீட்டுல ஒரு காது கிடையாது,” என்று முணுமுணுத்தாள்.

“ம்.”

மிகப் பக்கத்தில். ஆண் குரல். பொறுமையான குரல்.

அவள் திரும்பவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் அவள் பாதத்தின் மேல் விழுந்தது. மகிழம்பூ வாசனை பஸ் முழுக்க நிறைந்தது.

எழுந்து முன்னால் போய்விடலாம். கத்தலாம். வாயை இறுக மூடிக்கொண்டாவது உட்காரலாம்; பேசாவிட்டால் அவன் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு இது நன்றாகத் தெரியும். கதையைப் படித்தவள் அவள். முடித்தவளும், எழுதினவளிடமே போ என்று அவனை அனுப்பியவளும் அவள்தான்.

பஸ் மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் காத்திருந்தான்.

“எங்க அப்பா இருக்காரே,” என்று ஆரம்பித்தாள் காஞ்சனா.