பிள்ளை சுமந்த துணி

மதியச் சாப்பாடு முடிந்து பல்கலைக்கழக அருங்காட்சியகம் அசந்து கிடந்த நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். நுழைவுச்சீட்டைக் கைக்குள் கசக்கியபடி, மலைவாழ் மக்கள் கூடத்தில் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகத் தேடினாள். நான் அங்கே பழந்துணிகளைப் பராமரிப்பவன். எனக்குக் கல்யாணமே அந்தத் துணிகளோடுதான் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள்.

"சார், பிள்ளையை முதுகுல கட்டிக்கிற துணி ஒண்ணு குடுத்தேனே. சிவப்புக் கரை போட்டது. அது எங்க?"

அப்போதுதான் ஆள் நினைவுக்கு வந்தாள். மகள் காய்ச்சலில் போன பிறகு, அந்தத் துணியை வீட்டில் பார்க்கச் சகிக்காமல் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனவள்.

"பத்திரமா இருக்கும்மா. பூச்சி அரிக்கக் கூடாதுன்னு, காட்சிக்கு வைக்கிறதுக்கு முன்னாடி குளிர்பெட்டியில வைப்போம்."

அவள் முகம் வெளிறியது.

"எப்ப வச்சீங்க?"

"போன வாரம்."

"போன வாரத்துல இருந்துதான் கேக்குது," என்றாள் மெதுவாக. "குளிருதும்மான்னு. நடுங்கிக்கிட்டே போனவ சார் அவ. கடைசியாச் சொன்னதும் அதைத்தான்."

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். கிடங்குக்கு அழைத்துப்போனேன்.

உள்ளே பூச்சிமருந்தும் பழைய பருத்தியும் கலந்த வாடை. விளக்கைப் போட்டும் மூலைகள் இருட்டாகவே இருந்தன. குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

நாங்கள் நெருங்கியதும் உறுமல் நின்றது.

உள்ளிருந்து மெல்லத் தட்டும் சத்தம்.

கையுறை மாட்டி மூடியைத் திறந்தேன். பொட்டலங்கள் எல்லாம் உறைபனி படர்ந்து கிடந்தன. சிவப்புக் கரைத் துணியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையில் மட்டும், உட்புறமாக மூச்சின் ஈரம் படிந்திருந்தது.

வெறுங்கையால் எதையும் தொடவிடாதவன் நான். அவள் நகத்தாலேயே உறையைக் கிழித்தாள். நான் தடுக்கவில்லை. துணியை முதுகில் போட்டு மார்பில் முடிச்சிட்டாள்.

துணி தொய்ந்தது.

அதற்குள் ஏதோ புரண்டு படுத்தது. காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாடை வந்தது.

"வந்துட்டேன் தங்கம். அம்மா வந்துட்டேன்டா." பின்னால் கையை விட்டுத் தட்டிக்கொடுத்தபடி அழுதாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா," என்றேன். மேலதிகாரிகள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் போனதும் மூடியைச் சாத்தப் போனேன். மீதிப் பொட்டலங்களிலும் அதே மாதிரித் துணிகள்தான். என் காலத்துக்கு முன்பே, பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்து வந்து சேர்ந்தவை. பூச்சி விழாமலிருக்க, முறை வைத்து உறையவைக்கிறோம். அவற்றைக் கட்டிச் சுமந்த தாய்மார்களில் ஒருவர்கூட இன்று உயிரோடில்லை. தேடி வர ஆளில்லை.

ஒரு பொட்டலத்தின் உறைக்குள் மூச்சு படிந்தது.

பிறகு இன்னொன்றில்.

"குளிருது..."

எனக்குப் பிள்ளை தூக்கிப் பழக்கமில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, முதலில் அகப்பட்டதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கனத்தது.