விலை போகாத வண்டி

“எங்க வீட்டுக்காரரு புத்தி தடுமாறிப் போயிட்டாரா, இல்லை என்னைய ஏமாத்துறாரா? ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும் ஐயா.”

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் இருந்த ஆத்மநாதனின் மோட்டார் கொட்டகைக்குள் வந்த அமிர்தவல்லி, உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள். 1943-ம் வருஷம், ஆவணி மாதம். யுத்தம் நான்காவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

ஆத்மநாதன் பழைய கார்களை வாங்கி விற்கும் தரகர். ஒரு வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தால் போதும், அதை ஓட்டியவர் அவசரக்காரரா நிதானக்காரரா, எந்தப் பாதையில் அதிகம் போனார் என்று சொல்லிவிடுவார். இந்தக் கண்ணை நம்பி, போலீசுக்குக் கொண்டுபோக முடியாத விவகாரங்களையும் சிலர் அவரிடம் கொண்டுவருவார்கள். அவருடைய பிட்டர் ராக்கன் முன்பு பஸ் ஓட்டியவன். நாற்பது வயதாகியும் அவசரம் குறையாதவன். விவகாரம் என்றால் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவான்.

ராக்கன் சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டான். அமிர்தவல்லி அதை வேண்டாமென்று சொல்லி, மர முக்காலியின் விளிம்பில், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கடலை மண்டி உடையப்பன் சம்சாரம்தானே நீங்க?” என்றார் ஆத்மநாதன். “அவர் எங்கிட்ட மூணு வண்டி வாங்கி வித்திருக்காரு. எதுலயும் ஒரு ரூபா நஷ்டப்பட்டதில்லை. வாங்கும்போதே விக்கிறதை நினைச்சு வாங்குற மனுசராச்சே.”

“அந்த மனுசன்தான் ஐயா, ஆனி மாசம் எங்க சின்ன மோரிஸ் வண்டியைக் கொடுத்துப்புட்டு, அதுக்குப் பதிலா ஏழு பேர் உட்கார்ற பழைய அமெரிக்கா வண்டி ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்தியிருக்காரு.”

“மேல எவ்வளவு வாங்கினாரு?”

“ஒண்ணும் வாங்கலை. வண்டிக்கு வண்டி.”

ராக்கன் தலையில் கை வைத்தான். “மொதலாளி! இது யானையை வாங்கிட்டுக் குதிரையைக் கொடுத்த கதையில்ல. தங்கத்தைக் கொடுத்துத் தகரத்தை வாங்கின கதை!”

அவன் சொன்னதில் தப்பில்லை. யுத்தத்தால் புது வண்டி வருவது நின்றுபோயிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன். டயருக்கும் பர்மிட். இந்த நிலையில் ஒரு காலனுக்கு நாற்பது மைல் ஓடும் சின்ன வண்டிகள் புதிதில் விற்ற விலையையே தாண்டிவிட்டன. நடுத்தர வண்டிகளைப் பெட்ரோல் இல்லாமல், பின்னால் கரி அடுப்பு பொருத்தி ஓட்டலாம் என்பதால் அவற்றுக்கும் ஓரளவு மதிப்பு இருந்தது. பெரிய வண்டிகளைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் ஜமீன்தார்கள் போட்டி போட்டு வாங்கியவை, இப்போது கோழி அடையும் கூடுகளாகக் கிடந்தன.

“ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘நல்ல நீளமா இருக்கு’ன்னாரு. அவ்வளவுதான்.”

“நீளமா இருக்குன்னா சொன்னாரு?” ஆத்மநாதன் அந்த வார்த்தையை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “வேற?”

“மண்டிக்குச் சைக்கிள்ல போறாரு. வண்டியைத் தொடுறதில்லை. ஆனா செவ்வாயும் வெள்ளியும் விடியறப்ப தனியா எடுத்துக்கிட்டுப் போயி, சூரியன் வர்றதுக்குள்ள திரும்பிடுறாரு. வந்ததும் பார்த்தா பின் சீட்டு ஈரமா இருக்கு. போன வாரம் வண்டிக்குள்ள ஒரு புது இலவம்பஞ்சு மெத்தை.” அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். “இருபத்திரண்டு வருசம் ஐயா. பிள்ளை இல்லைன்னு ஒரு நாள் என்னைய ஒரு சொல்லு சொன்னதில்லை. வேற ஒருத்தி இருக்கான்னா சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறதுன்னு பெட்டி கட்டி வச்சிருக்கேன்.”

எழுந்தவள் முகம் சுளித்தாள்.

“உடம்புக்கு என்ன?” என்று கேட்டார் ஆத்மநாதன்.

“வைகாசியிலேருந்து முதுகுல ஒரு வலி. திருச்சி டாக்டரு வாயுப் பிடிப்புன்னு சொன்னாராம். தைலம் தேய்க்கிறேன்.”

அவள் போனதும் ராக்கன் குரலைத் தாழ்த்தினான். “மொதலாளி, இது பொம்பளை விவகாரம் இல்லை. புதுக்கோட்டை சமஸ்தான எல்லையைத் தாண்டி நெல்லு கடத்துறாரு. பெரிய வண்டி, விடியக்காலை, ஈரம். அவிச்ச நெல்லு மூட்டைதான்!”

“வண்டியைப் பார்த்துட்டுச் சொல்லுவோம்” என்றார் ஆத்மநாதன்.

மறுநாள் உடையப்பன் மண்டிக்குப் போன பிறகு, திருக்கோகர்ணத்தில் இருந்த அவர் வீட்டுக்கு இருவரும் போனார்கள். அமிர்தவல்லி வண்டிக் கொட்டகையைத் திறந்துவிட்டாள்.

ஆத்மநாதன் முதலில் டயர்களைப் பார்த்தார். கேஜை வைத்து அளந்தார். நாலு சக்கரத்திலும் இருக்க வேண்டிய காற்றில் பாதிதான் இருந்தது.

“டயருக்கு ஆளாளுக்கு அலையுற காலத்துல, இப்படிக் காத்து இல்லாம ஓட்டுனா ஒரு வருசத்துல கிழிஞ்சிடுமே!” என்றான் ராக்கன்.

“கீழே படுத்து ஸ்பிரிங்கைப் பாரு.”

ராக்கன் வண்டிக்கு அடியில் நுழைந்தான். சற்று நேரத்தில் அங்கிருந்தே கத்தினான். “பின் ஸ்பிரிங்குல பக்கத்துக்கு மூணு பட்டையைக் கழட்டியிருக்காங்க மொதலாளி! மிச்சத்துக்கு நல்லா கிரீஸ் போட்டிருக்கு.”

“அப்ப மூணு மூட்டை நெல் ஏத்தினா?”

“பாடி சக்கரத்துல இடிக்கும்.” வெளியே வந்த ராக்கனின் முகம் தொங்கிப்போயிருந்தது. “கடத்தல் இல்லைங்க.”

உள்ளே டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பலகை போட்டுப் பின் சீட்டோடு ஒரே மட்டமாக இணைத்திருந்தது. மெத்தை ஒரு மூலையில் சுருட்டிக் கிடந்தது. பின் சீட்டுத் தோலில், பித்தளைக் குடம் ஒன்றை வைத்து எடுத்தது போல வட்டமான தடம் இருந்தது. அதைச் சுற்றி நீர்க்கறை.

ஆத்மநாதன் அந்த வட்டத்தை விரலால் தடவியபடியே கேட்டார்: “ஈரம் மொதல்லேருந்தே ஒரே மாதிரிதான் இருந்துச்சாம்மா?”

அமிர்தவல்லி யோசித்தாள். “இல்லைங்க. மொதல்ல சீட்டே நனைஞ்சு கிடக்கும். வரவரக் குறைஞ்சிருச்சு. நேத்து உள்ளங்கை அகலந்தான் இருந்துச்சு.”

“இந்த மெத்தை?”

“கீழ விரிச்சு, படுத்துப் பார்த்தேன்.” அவள் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். “தலையும் காலும் எனக்குச் சரியா இருக்கு. அவளும் என் ஒசரந்தான் போல.”

 ஆத்மநாதனின் பார்வை வாசலில் கிடந்த அவளுடைய செருப்புகளில் நின்றது. வலது செருப்பு புதிது போல இருந்தது. இடது செருப்பின் நுனி மட்டும் தரையில் உரசி உரசித் தேய்ந்து, உள்தோல் வெளியே தெரிந்தது.

“சாயங்காலம் உங்க வீட்டுக்காரரோட வர்றேன்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். ராக்கன் வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான்.  தன் கணக்கு தப்பாக இருக்க வேண்டுமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வேண்டிக்கொண்டார்.

கடலை மண்டியில் உடையப்பன் மட்டும் தனியாக இருந்தார். ஆத்மநாதனைப் பார்த்ததும், “வாங்கண்ணே, வண்டி ஏதும் வந்திருக்கா?” என்றார். பேச்சில் உற்சாகம் இருந்தது. கண்களில் இல்லை.

“உங்க வண்டியைப் பார்த்துட்டு வர்றேன்” என்றார் ஆத்மநாதன். “உங்க சம்சாரம் என்கிட்ட வந்தாங்க.”

உடையப்பனின் கை தராசுத் தட்டில் அப்படியே நின்றது.

“நல்ல விலைக்குப் போற வண்டியைக் கொடுத்துட்டு, போகாத வண்டியை வாங்கியிருக்கீங்க. முன் சீட்டைக் கழட்டிட்டீங்க. ஸ்பிரிங்கைக் கழட்டிட்டீங்க. டயரைக் கெடுக்கிறீங்க. அதையெல்லாம் பார்த்ததும், இந்த வண்டியைத் திரும்ப விக்கிற நினைப்பே உங்களுக்கு இல்லைன்னு தெரிஞ்சுது. அப்ப எதுக்கு இதெல்லாம்? குலுங்காம இருக்கறதுக்கு. பாரம் ஏத்த முடியாது, நாலு பேர் ஏற முடியாது. ஒரே ஒருத்தர், அதுவும் உட்கார்ந்து இல்லை, படுத்துக்கிட்டு வரணும். அதனாலதான் வண்டி வாங்குறவன் எவனும் சொல்லாத வார்த்தையைச் சொன்னீங்க. நீளமா இருக்குன்னு.”

ராக்கன் ஆவலாக முன்னால் வந்தான். “அந்த ஈரம் மொதலாளி?”

“குடம் நிறையத் தண்ணி வச்சுக்கிட்டு ஓட்டிப் பழகுறாரு ராக்கா. எந்தக் குழியில எப்படித் திருப்பினா தண்ணி தளும்பாதுன்னு. ரெண்டு மாசமா ஈரம் குறைஞ்சுக்கிட்டே வருது. கை பழகிடுச்சு. பெட்ரோலைச் சேர்த்து வைக்கத்தான் சைக்கிள்.”

“படுத்துக்கிட்டு வரப்போறது யாரு?”

ஆத்மநாதன் உடையப்பனையே பார்த்தார். “மெத்தை அவங்க அளவு. இடது காலை இழுத்து நடக்கிறாங்க, சாய்ஞ்சு உட்கார முடியலை. டாக்டரு வாயுன்னு ‘சொன்னாரு’ன்னு அவங்க சொல்லலை. ‘சொன்னாராம்’னாங்க. தன் காதால கேட்டிருந்தா அப்படிச் சொல்லமாட்டாங்க. கேட்டது நீங்க. கேட்டதை மாத்திச் சொன்னதும் நீங்க.”



உடையப்பன் கடலைச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். “தண்டுவடத்துல கட்டியாம். பொங்கலைத் தாண்டினாலே பெருசுன்னுட்டாரு. வாரா வாரம் திருச்சிக்குக் கொண்டாந்தா கரண்டு வச்சு வலியைக் கொறைக்கலாமாம். ஐப்பசிக்கு மேல அவளால உட்கார முடியாது, ஒவ்வொரு குலுக்கலும் கத்தியால குத்தின மாதிரி இருக்கும்னாரு. ரயில்ல நிக்கவே இடமில்லை. மோரிசுல ஒரு குழந்தைதான் படுக்கலாம். நான் வேற என்ன செய்ய?”

“அவங்க வேற மாதிரி நினைச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போகப் போறாங்க.”

“தெரியும். பெட்டியைப் பார்த்தேன்.” அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “எம் மேல கோவமா இருந்தாலாச்சும் பயமில்லாம இருப்பாளேன்னு விட்டுட்டேன்.”

“அவங்க என்கிட்ட உண்மையைக் கேட்டாங்க. நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா அதைச் சொல்ல வேண்டிய ஆளு நான் இல்லை.”

சாயங்காலம் மூவரும் வீட்டுக்குள் நுழைந்தபோது அமிர்தவல்லி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெட்டி சுவரோரம் இருந்தது.   அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டுக் கணவரிடம் வந்து நின்றாள்.

“இவங்க கண்டுபிடிச்சுட்டாங்கன்னு தெரியுது. சொல்லிடுங்க. யாரு அவ?”

“நீதான்” என்றார் உடையப்பன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் விட்டு விட்டுச் சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. முதலில் கோபம்தான் வந்தது.

“என் ஒடம்புல இருக்கிற நோவு. டாக்டருக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும், ஸ்பிரிங்கைக் கழட்டின கொல்லன் பட்டறைக்காரனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். எனக்கு மட்டும் தைலமா? ரெண்டு மாசமா ஒங்களை நான் மனசுக்குள்ள என்னென்ன வஞ்சேன் தெரியுமா? அதையெல்லாம் நான் எங்க போயித் திருப்பி எடுக்கிறது?”

உடையப்பன் தலை நிமிரவில்லை.  அவள், அவர் தோளில் இருந்து நழுவிய துண்டை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

“இதுக்குப் பேசாம வேற ஒருத்தியே இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள்.

ஆத்மநாதன் ராக்கனின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். அன்று கொட்டகைக்குத் திரும்பும்வரை ராக்கன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஐப்பசியில் இருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் பெரிய வண்டி திருச்சிக்குப் போய் வந்தது. ஆஸ்பத்திரியில் தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்பதால் ராக்கனும் கூடப் போனான். கூலி கொடுத்தபோது வாங்கவில்லை. அமிர்தவல்லி மெத்தையில் படுத்தபடி, மேலே தெரியும் மரங்களை வைத்தே எந்த ஊர் வந்திருக்கிறது என்று சொல்லுவாள். கணவரோடு சண்டையும் போடுவாள். சில நாள் சிரிப்பும் கேட்கும். பொங்கல் வந்து போனது.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, திரும்பி வரும் வழியில் கீரனூரைத் தாண்டியதும் அவள் மூச்சு நின்றுவிட்டது. மெத்தைக்குப் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்திருந்த ராக்கன்தான் முதலில் கவனித்தான். அவன் சொன்னதும் உடையப்பன் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பின்னால் வந்து, அவள் கண்களை மூடிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு மறுபடியும் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

புதுக்கோட்டைக்கு இன்னும் பன்னிரண்டு மைல் இருந்தது. பின்னால் ஒரு கரி பஸ் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இனி மெதுவாகப் போக வேண்டியதில்லை என்று சொல்ல ராக்கன் இரண்டு தடவை வாயெடுத்தான். சொல்ல முடியவில்லை. உடையப்பன் முன்பு போலவே ஊர்ந்து, ஒவ்வொரு குழியையும் சுற்றிச் சுற்றி, அவள் மேல் ஒரு குலுக்கலும் படாமல் வீடுவரை ஓட்டிக்கொண்டு போனார்.