இரண்டில் முதல் பிரதி

வியாழக்கிழமை காலை ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில் துப்பறிவாளர் நோரீன் டாஸ்கரின் அலுவலகத்துக்கு வந்த ப்ரியோனி கெல்சோ உட்காரவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தாள். முதலாவது, முந்தின நாள் அவள் வாசலில் கிடந்த சீட்டு: "புது வீடு நல்லா இருக்கு. பின்கதவுப் பூட்டை மாத்து."

"என் புருஷன் எழுத்து. போன வருஷம் என் கையை உடைச்சவன். மே மாசம் மகளைக் கூட்டிட்டு யாருக்கும் தெரியாம இங்க வந்தேன். விலாசத்தைக் குடும்பப் பதிவேட்டுத் துறைக்கு மட்டும்தான் குடுத்தேன். ரகசியமா வைக்கிறோம்னாங்க."

இரண்டாவது, அந்தத் துறையின் மன்னிப்புக் கடிதம். மார்ச் மாதம் கணினித் திருடர்கள் புகுந்துவிட்டார்களாம். அவளைப் பற்றித் துறை வைத்திருக்கும் விவரங்கள் கீழே வரிசையாக இருந்தன.

"திருடன்கிட்ட விலைக்கு வாங்கியிருப்பான். கேஸ் முடிஞ்சுது" என்றான் டூகல். டாக்சி ஓட்டுவதை விட்டுவிட்டு நோரீனுக்கு உதவியாளனாக வந்தவன்.

"திருட்டு மார்ச்ல. இவங்க வீடு மாறினது மே மாசம். திருடன்கிட்ட பழைய விலாசம்தானே இருக்கும்?" என்றார் நோரீன்.

"அப்ப உள்ள இருக்கிற எவனோ வித்துட்டான்."

நோரீன் கடிதத்தின் அடிவரியைப் படித்தார். "விவாகரத்து ஆயிடுச்சாம்மா?"

"கேஸ் நடக்குது."

மதியம் மூவரும் துறைக்குப் போனார்கள். மேலாளர் நைஜல் லஸ்க் ஜாம் தடவிய ஸ்கோன் ரொட்டியைத் தின்றுகொண்டே பேசினார்.

"பார்த்துட்டேன். யாரும் திருட்டுத்தனமா இவங்க கோப்பைத் திறக்கல."

"நம்புறேன். இந்தக் கடிதத்துக்கு அடியில 'இரண்டில் முதல் பிரதி'ன்னு இருக்கு. ரெண்டாவது யாருக்குப் போச்சு?" என்றார் நோரீன்.

லஸ்க் திரையைப் பார்த்தார். "விவாகரத்து ஆகுறவரைக்கும் குடும்பத்துக்கு ஒரே கோப்பு. அதுல இருக்கிற பெரியவங்க எல்லாருக்கும் பிரதி போகும். விதி அது."

"கடிதத்துல அச்சாகுறது மார்ச் மாச விவரம் இல்ல, இன்னைக்குக் கோப்புல இருக்கிறது. அதனாலதான் புது விலாசம் வந்திருக்கு. அதே தாள் இவங்க புருஷனுக்கும் போயிருக்கு" என்றார் நோரீன்.

"ரகசியம்னு குறிச்சீங்களே?" என்றாள் ப்ரியோனி.

"அது வெளியாளுங்களுக்கு. அவர் கோப்புக்குள்ள இருக்கிறவர்."

மார்ச்சில் வந்த திருடர்களாவது ஒளிந்துகொண்டு வந்தார்கள். இவர்கள் கையெழுத்துப் போட்டு, தபால்தலை ஒட்டி, ஒரு பெண்ணின் வீட்டு வாசலை அவளை அடித்தவனுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைச் செய்தவர் விரலில் இருந்த ஜாமை நக்கிக்கொண்டிருந்தார்.

"இருட்டுறதுக்குள்ள நான் வீட்டைக் காலி பண்ணணும்" என்றாள் ப்ரியோனி.

லஸ்க் ஒரு படிவத்தை நகர்த்தினார். முதல் கட்டத்தில் புதிய முகவரி கேட்டிருந்தது. "மனசு கஷ்டமா இருக்கு. இதை நிரப்பிக் குடுங்க, இன்னைக்கே மன்னிப்புக் கடிதம் அனுப்பச் சொல்றேன்."

"எத்தனை பிரதி?" என்றாள் அவள்.

லஸ்க் பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தார்.

"ரெண்டு."