விசிறியை நிறுத்தியவன்

தலையணை உறையில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. உறையைப் பிடித்து இழுத்தான். துணியில் மடிப்பு விழுந்தது, புள்ளியில் விழவில்லை. சன்னல் வழியே சாய்ந்து வந்த மாலை வெயில் உறையின் ஒவ்வொரு நூலையும் எடுத்துக் காட்டியது. அந்த ஒரு இடத்தில் மட்டும் வெயில் உள்ளே இறங்கியது, திரும்பி மேலே வரவில்லை. அது மனைவியின் தலையணை.

அந்தக் கறுப்பு அவனுக்குப் பழக்கமானது. ஆய்வகத்தில் அதைத்தான் வளர்க்கிறான். தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் குழாய்கள், புல்லைப் போல நெருங்கி நின்று, விழும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். உதிர்ந்தால் ஒரு மூச்சுக்கே பறக்கும். அதனால்தான் எடைபோடக் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் காற்றை மேலே இழுக்கும் விசிறி. ஆனால் விசிறி ஓடினால் தராசில் எண் நிற்காது, பொடியிலும் பாதி காணாமல் போகும். அவன் விசிறியை நிறுத்திவிட்டு எடைபோட்டான். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் ஆய்வகச் சலவைக்குப் போட்டால் கோட் திரும்பிவர நாளாகும் என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன் மட்டும்தான்.

ஆய்வகத்தில் அவன் முகமூடி போட்டிருந்தான். துவைத்தவள் போடவில்லை.

சமையலறையிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "என்னங்க, உங்க கோட்டைத் துவைச்சாச்சு. உதற உதறக் கரியாக் கொட்டுது. நீங்க ஆராய்ச்சி பண்றீங்களா, இல்ல அடுப்பு ஊதுறீங்களா?"

"மூக்கை மூடிக்கிட்டு உதறக் கூடாதா?"

"எதுக்கு? உங்க கோட்டுக்கு வெக்கமா இருக்குமோ?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது. வறண்ட, நீண்ட இருமல். முடிவில் வேறொரு சத்தம், காய்ந்த புல்லுக்குள் எதுவோ புரண்டு படுப்பது போல.

போன வாரம் டாக்டர் கேட்டார், வீட்டில் புகையோ தூசியோ உண்டா என்று. அவள் இல்லை என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து அவனும் இல்லை என்று தலையாட்டினான். சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்பதைத்தான் நினைத்தான். அவள் நெஞ்சை நினைக்கவில்லை.

வெயில் போனது. கூடத்துக்கு வந்து விளக்கைப் போட்டான். கூடம் வெளுத்தது. துணி துவைக்கும் இடத்துக்குப் போனான். கோட்டை அலசிய வாளி நிறையத் தண்ணீர். குழாயிலிருந்து சொட்டு விழுகிற சத்தம் கேட்டது, அலை தெரியவில்லை. குனிந்தான். தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. தண்ணீரில் விளக்கு இல்லை. அவனும் இல்லை.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

"இங்க வாங்களேன்." நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். "உள்ள ஏதோ நிக்குற மாதிரி இருக்கு. டார்ச் அடிச்சுப் பாருங்க."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

போனின் டார்ச்சைப் போட்டான். அவள் வாயைத் திறந்தாள்.

உதடு தெரிந்தது. பற்கள் தெரிந்தன. பற்களுக்குப் பின்னால் நாக்கு இல்லை. அண்ணம் இல்லை. ஆழம்கூட இல்லை. வெளிச்சம் உள்ளே போனது. அங்கேயே நின்றுவிட்டது.

இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

கடைவாய்ப் பல் ஒன்று அணைந்தது. பக்கத்துப் பல். அதற்கடுத்தது.

"தெரியுதா?" என்றாள்.

உதடு அசையவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னமோ சொல்லணும்னீங்களே. சொல்லுங்க."

சொல்ல மூச்சு வேண்டும். அவன் மூச்சை இழுக்கப் போன நேரத்தில் அவள் மெதுவாக, நீளமாக மூச்சு விட்டாள். கறுப்பாக ஏதோ மிதந்து அவன் முகத்துக்கு நேராக வந்தது. டார்ச் மங்கியது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அவள் அவனையே பார்த்தபடி, வாய் திறந்து காத்திருந்தாள். முன்பற்கள் போயின. பிறகு கீழுதடு.