தொப்பிக்குள் இருந்த சாட்சி

"கிளாரி... எந்திரிடா! உன் உருட்டு!"

கிளாரி பெஞ்சிலிருந்து எழுந்தான்.

அப்படியே சரிந்தான்.

சிமெண்ட் விளிம்பில் மண்டை... டக்!

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் பச்சைப் புல் சிவந்துபோனது.

அடுத்த வாரம். கிளாரியின் வீட்டுச் சமையலறையில் சார்ஜென்ட் டெஸ் குவிக்லி. ஓய்வு பெறப்போகிற வயது. இந்த வேலையே வேண்டாம் என்று முகத்தில் எழுதியிருந்தது.

"நொரீன்... உன் புருஷன் ரத்தத்துல பிரஷர் மாத்திரை இருக்கு. டாக்டர் அவனுக்கு எழுதாதது!"

"அதனால?"

"ப்ராஸ்டேட்டுக்கு அவன் போடற ரெண்டு மாத்திரைல ஒண்ணு ஏற்கெனவே பிரஷரை இறக்கும். இதுவும் சேந்தா... எழுந்ததும் தலை சுத்தும். மாத்திரை டப்பாவ ரொப்பறது யாரு?"

"நான்தான். அப்புறம் அது அவன் பந்துப் பையிலயே கெடக்கும். கிளப்புலதான் முழுங்குவான். நேரா கேளு டெஸ்... நான் கொன்னேனா?"

"நான் கேக்கல. நாளைக்கு மெல்பர்ன் ஆளுங்க வந்து கேப்பாங்க. விலங்கோட."

நொரீன் டீக்கோப்பையை நங்கென்று வைத்தாள்.

குவிக்லி பெருமூச்சோடு எழுந்தான்.

"டாய்லெட் எங்க?"

"உனக்குமா?"

"அதே வியாதி. அதே ரெண்டு மாத்திரை."

"உனக்காவது மாத்திரை கேக்குதே! அவனுக்கு ஆறு மாசமா சரியா கேக்கல. விடிய விடிய நடைதான்."

குவிக்லி நின்றான். ஆறு மாதமாகவா?

அன்று மாலை கிளப்பில் கிளாரிக்கு அஞ்சலி. வெள்ளை உடுப்பில் எல்லோரும் புல்தரையில் வரிசையாக. ஓரத்தில் நொரீனும் குவிக்லியும்.

"தொப்பி!" என்றார் கிளப் தலைவர்.

தொப்பிகள் இறங்கின. ஒரு நிமிட மௌனம்.

ஒரு தொப்பி மட்டும் இறங்கவில்லை!

லிண்ட்சே. கிளாரியின் ஜோடி ஆட்டக்காரன்.

"டேய் லிண்ட்சே... செத்தவனுக்கு மரியாதை குடுறா!"

வேறு வழியில்லை. கழற்றினான்.

பந்து மாதிரி பளபளத்த அந்த வழுக்கையில்... பூனைமுடி!

குவிக்லி மெல்ல நடந்து பக்கத்தில் போனான்.

"என் டாக்டர் சொன்னாரு... இந்த ப்ராஸ்டேட் மாத்திரையில ஒண்ணு முடியும் வளக்குமாம். உனக்கு நல்லாவே வளத்திருக்கு!"

லிண்ட்சே குரலைத் தாழ்த்தினான்.

"முடிக்குன்னு டாக்டர்கிட்ட போக வெக்கம் டெஸ்... ஊரே சிரிக்கும். அந்த ஒண்ண மட்டும் அவன் பையிலேருந்து எடுத்துட்டு, டீயில போடற இனிப்பு மாத்திரைய வெச்சேன்."

"அப்போ பிரஷர் மாத்திரை?"

"அன்னிக்கு இனிப்பு தீந்துபோச்சு... என்னோட பிரஷர் மாத்திரை அதே சைஸ்ல இருந்துச்சு. ஒண்ணுதானேன்னு..."

"முடிக்காகவாடா?" நொரீன் கத்தினாள். "உன் மசுருக்காக நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

குவிக்லி அலுப்போடு விலங்கை எடுத்தான்.

"தொப்பிய மாட்டிக்கறேன் டெஸ்... எல்லாரும் பாக்கறாங்க."

"மாட்டிக்க. போற எடத்துல முடிவெட்டு இலவசம்!"