இரண்டு பாத்திகள், ஒரே அளவுகோல்

காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் மாட்டிய மின்பலகையில் அன்றைய வெள்ள நிலவரம் நிறமாக வரும். பச்சை என்றால் பள்ளி உண்டு. மஞ்சள் என்றால் கீழ்த்தளத்துச் சாமான்களை மேலே ஏற்ற வேண்டும். சிவப்பு என்றால் ஆளை ஏற்றிக்கொண்டு போகப் படகு வரும். நகரத்தில் யாரும் இப்போது வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை.

கடல் உள்ளே வந்த பிறகு சென்னையின் தென்கரையைச் சுவர் எழுப்பி ஒன்பது பாத்திகளாகப் பிரித்திருந்தார்கள். பாத்திக்கு ஒரு கணிவலை. தெருக்களையெல்லாம் லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பின்னி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லும். ஒவ்வொரு வலைக்கும் ஒரு கணிப்பாளர். ஒருவர் வலையை இன்னொருவர் திறக்கக் கூடாது என்பது விதி. கலந்தால் குழப்பம் வருமாம்.

குமுதவல்லி நான்காம் பாத்தி, ஜோஸ்பின் ஐந்தாம் பாத்தி. பத்தொன்பது வருடமாக ஒரே மேசையில் சாப்பாடு. குமுதவல்லியின் மகள் வேனிலுக்குக் கல்யாணமானதும் ஐந்தில் வீடு பார்த்துக் கொடுத்ததே ஜோஸ்பின்தான். வேனிலுக்கு இது ஏழாம் மாதம்.

அன்று இரண்டு பாத்திக்கும் நடுச்சுவரில் மதகு மாற்றும் வேலை. பொருத்திப் பார்ப்பதற்காக ஒரே ஒரு நாள் இரண்டு வலைகளின் கோப்புகளும் குமுதவல்லியிடம் வந்தன. இரண்டையும் காட்சிச் செயலியில் ஏற்றினாள். சுவரோரம் இம்மி பிசகாமல் ஒட்டிக்கொண்டன. இரண்டும் பச்சை. மூலையில் செயலி கேட்டது: இரண்டு வலைகளுக்கும் தனித்தனி நிற அளவுகோல் இருக்கிறது, ஒன்றாக்கவா?

ஆக்கு என்று தட்டினாள்.

நான்கு வெளிர்நீலமாயிற்று, தண்ணீரே இல்லை. ஐந்து முழுக்கச் சிவந்தது. மகள் வீட்டுத் தெருவில் விரலை வைத்தாள். வரும் வியாழன், அமாவாசை ஓதம், கடல் ஏறும் நேரம், ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் தண்ணீர். ஐந்தின் பச்சை ஐந்துக்குள்ளேயே ஒப்பிட்டுப் போட்ட பச்சை. அங்கே எது நடுத்தரமோ அதற்குப் பச்சை.

"ஏன்டி சாப்பிட வரல? வடை ஆறிப்போச்சு," என்றபடி ஜோஸ்பின் வந்தாள். திரையைப் பார்த்தாள். திரும்பிப் போய் அறைக் கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு வந்தாள். அதிலேயே குமுதவல்லிக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா. மேலேருந்து அளவுகோலை மாத்தச் சொன்னாங்க. அஞ்சுல சிவப்பு போட்டா லட்சம் பேருக்கு எங்க இடம்னு கேட்டாங்க. பதில் இருந்தா நீ சொல்லு. இவ்வளவு பெரிய ஓதம் வராதுன்னு நெனச்சேன்."

"என் பொண்ணைக் கொண்டுபோய் அங்க வெச்சியேடி, பாவி!"

"வீடு வீடுன்னு உயிரை எடுத்தது யாரு? வேணாம்னா ஏன்னு கேப்ப. என்னன்னு சொல்ல?"

"வேணாம்னு மட்டும் சொல்லியிருக்கலாமே. ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன், அவ்வளவுதானே?"

ஜோஸ்பின் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாத்தியா?"

அம்புக்குறிகள் எல்லாம் நான்காம் பாத்தியின் மதகிலிருந்தே கிளம்பின. ஒவ்வொரு ஓதத்துக்கும் 'மதகு திற' என்று ஒப்பமிடுவது குமுதவல்லி. அவள் திரையில் சுவருக்கு அப்பால் வெறும் கறுப்பு. வலை முடிகிற இடத்தில் தண்ணீரும் முடிந்துவிடுவதாகவே நினைத்திருக்கிறாள்.

"உன் பாத்தி காயணும்னா அது எங்கயாவது போயாகணுமில்ல? ஒரு நாளாவது என்கிட்ட கேட்டியா?"

குமுதவல்லி மதகை மூடியதாக வைத்துக் கணிப்பை மறுபடி ஓட்டினாள். இரண்டு பாத்தியும் மஞ்சளாயின.

"ரெண்டு பக்கமும் முழங்கால் அளவுதான் ஜோசி. மூடிட்டா யாரும் சாகமாட்டாங்க."

"நாலுக்காரங்க உன்னைச் சும்மா விடுவாங்களா? நானும் இப்ப நாலுலதான் இருக்கேன். கீழ்த்தளம்."

"ஆஸ்பத்திரி பக்கம்னு சொல்லித்தானே அஞ்சுலேருந்து மாறின?"

ஜோஸ்பின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூடு. ஆனா மேலேருந்து ஒரு நிமிஷத்துல திறந்துடுவாங்க," என்றாள்.

குமுதவல்லி 'மதகு மூடு' என்று ஒப்பமிட்டாள். பிறகு மகளை அழைத்தாள்.

"வேனில், இன்னிக்கே கிளம்பி வாம்மா."

"எதுக்கு? இங்க பச்சைதானே? ஜோசி ஆன்டிகூட நேத்து பயப்படாதன்னாங்க."

அந்தப் பச்சை பொய் என்பதையும், வியாழக்கிழமை நான்காம் பாத்தியின் மதகிலிருந்து தண்ணீர் வரப்போவதையும் குமுதவல்லி சொல்லி முடித்தாள். 

"அப்ப எங்க பக்கம் தண்ணிய விட்டது யாரு?"

"நான்தான். தெரியாம..."

"போன ஐப்பசில பக்கத்து வீட்ல தொட்டில் மிதந்துச்சே. மழைன்னாங்க. அதுவும் நீதானா?"

"...ஆமா."

"இப்ப என்னை மட்டும் வரச் சொல்ற. இந்தத் தெருவுல நூத்தி இருபது வீடு இருக்கும்மா."

"நீ முதல்ல வா. மத்தவங்களுக்கு..."

"நான் வரல. வீடு வீடாப் போய்ச் சொல்லப் போறேன். உன் பேரையும் சேத்துதான் சொல்லுவேன்."

"சொல்லு," என்றாள் குமுதவல்லி.

போனை அணைக்காமலே வேனில் வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. எங்கம்மா என்ன பண்ணியிருக்காங்கன்னு தெரியுமா?"