பால் வற்றவில்லை

கடல்நாய்த் தோல் கையுறையின் கட்டைவிரலை யாரோ நறுக்கென்று வெட்டி எடுத்திருந்தார்கள். மீன் ஆலைக்குக் கிளம்பிய மினிக் அதில் கையை நுழைத்தபோதுதான் குளிர் சுரீரென்று ஏறியது.

நண்பகல். சூரியன் வராத மாதம். தெருவிளக்கைத் தாண்டினால் எல்லாம் கருப்பு. மனைவியின் அண்ணன் ஏனோக்கின் பட்டறைக்குப் போய்க் காட்டினான். வேண்டாதவனைக் கொல்லச் செய்து ஏவும் துப்பிலாக் பேயை, கப்பலில் வரும் சுற்றுலாக்காரர்களுக்கு மான் கொம்பில் செதுக்கி விற்பவன் ஏனோக்.

“நாய் கடிச்சிருக்கும் மாப்ள.”

“நாய் எப்ப மச்சான் கத்திரிக்கோல் வாங்குச்சு?”

ஏனோக் சிரிக்கவில்லை. கொம்புத் தூளை ஊதினான்.

“நான் விக்கிறது பொம்மை. நிஜத்துக்குத்தான் எலும்பு வேணும், சாகப்போறவன் போட்ட தோல்ல ஒரு துண்டு வேணும். செஞ்ச ஆளோட உடம்புல வாய் வச்சு உறிஞ்சித்தான் அது வளரும்.”

“யாரு செய்யறா?”

“போன வாரம் இவாலு வந்து நாய் மண்டையோடு கேட்டா. குடுத்தேன். என் தங்கச்சியாச்சே.” நிமிரவே இல்லை. “செஞ்சவ நாலு பேர் முன்னால ஒத்துக்கிட்டா அது செத்துடும். இப்பவே போ. அவ கால்ல விழு.”

இவாலு. அவன் மனைவி. குளிர் தொடங்கிய மாதத்தில் கைக்குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது, வேட்டை நன்றாக அமைகிறதே என்று மினிக் மூன்று நாள் தாமதமாகப் படகைத் திருப்பினான். வந்தபோது தொட்டில் காலி. உன் மேல் தப்பில்லை என்றாள். அதே படுக்கை, அதே தட்டு. அவன் நம்பினான்.

வீட்டுக் கதவைத் திறந்ததும், காய்ந்த மீன் வாடையையும் அடுப்புப் புகையையும் தாண்டி, குழந்தை இருந்த நாட்களின் அந்தப் புளித்த பால் வாசனை, கம்பளியெல்லாம் ஊறிக் கிடப்பதுபோல முகத்தில் மோதியது. உள்ளறை இருட்டு. தாலாட்டு மாதிரி ஒரு முனகல். அதனடியில் உறிஞ்சும் சத்தம்.

“இவாலு… அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிடறேன். ஒரே ஒரு தடவ ஒத்துக்கோ. தப்பில்லன்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன்.” குரல் அன்பாகத்தான் இருந்தது. “நீ வீட்டை விட்டுப் போயிடக் கூடாதே. கத்தாத. இப்பதான் கண்ணு தெறக்குது.”

உறிஞ்சல் நின்றது.

தரையில் எலும்பு. ஒரு தட்டல். இன்னொன்று.

திரும்பி வாசல் கதவை இழுத்தான். வரவில்லை. வெளியே யாரோ இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

“மன்னிச்சுக்கோ மாப்ள,” என்றான் ஏனோக்.

தட்டல் பின்னால் வந்து நின்றது. மூச்சுச் சத்தமே இல்லை.

உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக, பால் வாடையோடு. பிறகு இன்னொன்று. கூரை உயரத்திலிருந்து.